போலீஸ் ஏல வண்டி: எஞ்சினுக்கு முன்னால் காகிதத்தைப் பாருங்கள்

ஈரோடு ஆனைக்கல்பாளையம் ஆயுதப்படை மைதானத்திலோ, கோவை அவிநாசி சாலை பி.ஆர்.எஸ். மைதானத்திலோ வாகன ஏலம் என்று அறிவிப்பு வந்தால் போதும், "போலீஸ் ஜீப் சல்லிசா கிடைக்குதாமா" என்று பட்டறைதோறும் பேச்சு ஓடும். ஏலத்துக்கு வருபவை இரண்டு ரகம். காவல் துறை தானே ஓட்டிக் கழித்த பொலிரோ, சுமோ, பைக்குகள் ஒன்று. மதுவிலக்கு வழக்குகளில் பறிமுதலானவையும், யாரும் உரிமை கோராமல் கிடந்தவையும் இன்னொன்று. இதில் பெரும்பாலும் இருசக்கர வாகனங்கள்தான்.

துறை வண்டிக்கு முதலில் வயதைப் பாருங்கள். மத்திய மோட்டார் வாகன விதி 52ஏ-யின்படி, 15 ஆண்டு நிறைந்த அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் செல்லாது. புதுப்பிக்கவும் முடியாது; பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். சட்டம் ஒழுங்குப் பணிக்கான கவச வண்டி போன்ற சிறப்பு வாகனங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. பழைய போலீஸ் சுமோவைத் தேற்றித் தோட்டத்துக்கு ஓட்டலாம் என்ற கணக்கெல்லாம் அதோடு முடிந்தது. 15 ஆண்டுக்குள் கழிக்கப்பட்ட வண்டியாக இருந்தால் மட்டும் மேலே யோசியுங்கள். அறிவிப்பில் 'கழிவுப் பொருள்' என்று போட்டிருந்தால் அது உடைக்கத்தான், ஆர்.சி. கிடைக்காது.

பார்வையிட விடும் நாளில் எம்பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டு முதல் பதிவுத் தேதி, காப்பீடு, கடன் பதிவு மூன்றையும் பாருங்கள். வண்டியின் சட்டகத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். பறிமுதல் வண்டிகளில் போலி எண் பலகை சகஜம். எண் போலி என்று தெரிந்தாலும் வழி இருக்கிறது: ஆர்.டி.ஓ. முதலில் ஏலம் விட்ட துறையின் பெயரில் புது எண் கொடுத்து, பிறகு உங்களுக்கு மாற்றுவார். ஆனால் நிதி நிறுவனக் கடன் பதிவு நீங்காமல் இருக்கும் வண்டியை, எவ்வளவு மலிவானாலும், விட்டுவிடுவதே மேல்.

ரோந்து வண்டியின் கிலோமீட்டரை நம்பாதீர்கள். செக்போஸ்டிலும் பந்தோபஸ்திலும் மணிக்கணக்கில் எஞ்சின் ஓடியபடி நின்ற வண்டி அது. மீட்டர் நகராவிட்டாலும் எஞ்சின் தேய்ந்திருக்கும். ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கூரையில் சுழல்விளக்கு மாட்டிய ஓட்டைகள் வழியே மழைநீர் இறங்கித் தரைத்தகடு துருப்பிடித்திருக்கும், தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும். வயர்லெஸ் செட்டையும் சைரனையும் கழற்றும்போது வயர்களை வெட்டி அப்படியே விட்டிருப்பார்கள். அடிக்கடி ஃபியூஸ் போவதற்குக் காரணம் இதுதான்.

வருடக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடந்த பைக் என்றால் டேங்க் உள்ளே துரு, கார்புரேட்டரில் பிசின், எலி கடித்த வயர், பேட்டரி இருந்த இடம் காலி. கிக்கர் இறங்கவே இல்லை என்றால் பிஸ்டன் ஜாம். சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் 'போர்' வேலைக்கும் சேர்த்துத்தான் விலை கேட்க வேண்டும். கார்புரேட்டர் இல்லாத எஃப்.ஐ. (ஃபியூவல் இன்ஜெக்‌ஷன்) பைக்கில் துரு ஃபியூவல் பம்ப்பையும் கெடுத்திருக்கும். அது கார்புரேட்டர் வண்டியைவிடச் செலவு.

ஆதார் நகலும் முன்பணமும் கொண்டு போக வேண்டும். ஜி.எஸ்.டி. ஏலத் தொகைக்கு மேல் தனி: 40,000 ரூபாய்க்குக் கேட்டால், 18 விழுக்காட்டில் இன்னும் 7,200 சேரும். இதை மறந்து கேட்டுவிட்டு, பணம் கட்ட முடியாமல் முன்பணத்தை இழப்பவர்கள் உண்டு. பழைய இரும்பு வியாபாரிகள் கூட்டாக வந்து மொத்தமாகக் கேட்பார்கள், அவர்களோடு வீம்புக்குப் போட்டி போடாதீர்கள்.

எடுத்த வண்டியை ஓட்டி வரக் கூடாது. காப்பீடு இல்லாமல் ஓட்டினால் முதல் தடவைக்கே 2,000 ரூபாய் அபராதம். டாட்டா ஏஸ் பிடித்து ஏற்றி வாருங்கள்.

வண்டி கைக்கு வந்த 30 நாளுக்குள், விதி 57-இன்படி படிவம் 32-இல் ஆர்.டி.ஓ.விடம் விண்ணப்பிக்க வேண்டும். ஏலம் நடத்திய அதிகாரி கையெழுத்திட்ட விற்பனை உறுதிச் சான்றும், ஏலத்துக்கு அனுமதி அளித்த அரசாணையின் சான்றிட்ட நகலும் ஆர்.சி., காப்பீட்டோடு கூடவே வேண்டும். அந்த நகலைப் பலர் கேட்டு வாங்குவதில்லை. பிறகு அதற்காகவே அலைகிறார்கள். பணம் கட்டும் அன்றே வாங்கிவிடுங்கள். பெயர் மாறிய பிறகு 15 ஆண்டு முடிந்தால், தனியார் வண்டியைப் போல ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். 20 ஆண்டு வரை அதற்கான கட்டணம் காருக்கு 5,000, பைக்குக்கு 1,000 ரூபாய்.

'காவல்' எழுத்து, சைரன், சிவப்பு நீல விளக்கு எல்லாவற்றையும் ஆர்.டி.ஓ. ஆய்வுக்குப் போகும் முன்பே எடுத்துவிட வேண்டும். நிறம் மாற்றினால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். ஜீப் பிரியர்கள் ஆசைப்படும் ராணுவப் பச்சை மட்டும் கூடாது, அது பாதுகாப்புத் துறைக்கே உரியது.