பெட்ரோமாக்ஸ் மேண்டில்ல இருக்கிற அந்த ஒரு சதவீதம்

கரண்ட் இல்லாத காலத்துல கோயில் கொடை, கல்யாண ஊர்வலம் எல்லாத்துக்கும் பெட்ரோமாக்ஸ் லைட்டுதான். அதுல எரியுறது நம்ம சிம்னி விளக்குல எரியுற அதே மண்ணெண்ணெய், ஆனா சிம்னி மஞ்சளா மினுக்கும், இது கண்ணு கூசுற மாதிரி வெள்ளையா அடிக்கும். வித்தியாசமே அந்த மேண்டில்லதான் இருக்கு, அதாவது தீயச் சுத்தி மாட்டுற சின்ன வலைப்பையில.

சூடா இருக்கிற எந்தப் பொருளும் கதிர்வீச்சு விட்டுட்டேதான் இருக்கும், நம்ம உடம்பும்தான், ஆனா அது அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. சுமார் 525 டிகிரி செல்சியஸ் தாண்டினாதான் மங்கலா சிவப்பு தெரிய ஆரம்பிக்கும், இன்னும் ஏத்தினா ஆரஞ்சு, மஞ்சள், அப்புறம் வெள்ளை. சிக்கல் என்னன்னா வெள்ளையா எரியுற சூட்டுலகூட பெரும்பங்கு அகச்சிவப்பாவே வீணாப் போயிடும். பழைய குண்டு பல்புல இழை 2,500 டிகிரி வரைக்கும் சூடாகியும் வெளிச்சமா வந்தது நூத்துல அஞ்சு பங்கு அளவுக்குத்தான், மிச்சமெல்லாம் வெறும் சூடு.

சிம்னில மஞ்சளாத் தெரியுறது தீயில தகதகக்குற கரித்தூள். பெட்ரோமாக்ஸ்ல பம்ப் அடிச்சு, எண்ணெய ஆவியாக்கி, காத்தோட கலந்து எரிக்கிறதால கரி மிஞ்சாது, தீ நீலமா ரொம்ப சூடா இருக்கும், ஆனா அந்தத் தீக்குன்னு சொல்லிக்கிற மாதிரி வெளிச்சம் கிடையாது. அந்த சூட்ட வாங்கி வெளிச்சமா மாத்துற வேலை மேண்டிலோடது.

புது மேண்டில் வெறும் துணிப்பைதான், தோரியம், சீரியம்ங்கிற ரெண்டு உலோகங்களோட உப்புல முக்கிக் காயவச்சது. முதல் தடவை கொளுத்தும்போது நூல் எரிஞ்சு போயி, அதே பின்னல் வடிவத்துல ஆக்சைடு சாம்பல் மட்டும் நிக்கும். விரல் பட்டாப் போச்சு, அப்படியே உதிர்ந்துடும். ஆனா சூட்டுக்கு அசையாது, தோரியம் ஆக்சைடு உருகவே 3,300 டிகிரி கிட்ட வேணும்.

இதக் கண்டுபிடிச்சவர் ஆஸ்திரியாக்காரர் கார்ல் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக். 1885ல மெக்னீசியம் கலந்து பண்ணினது பச்சையடிச்சது, ஓடல. அப்புறம் தோரியத்துக்கு வந்தா ஒரு வினோதம், அத சுத்தம் பண்ணப் பண்ண வெளிச்சம் குறைஞ்சுட்டே போச்சு! கடைசில பாத்தா அழுக்குன்னு நினைச்சு எடுத்துட்டு இருந்த சீரியம்தான் வெளிச்சத்துக்கே காரணம். 1891ல 99 பங்கு தோரியம், 1 பங்கு சீரியம்னு நிலைச்சுது.

ஏன் ஒண்ணே ஒண்ணு? தோரியம் ஆக்சைடு ஒரு மகா கஞ்சன், வாங்கின சூட்ட அகச்சிவப்பா சுலபத்துல விடாது, அதனால தீயோட சூட்டுக்குக் கிட்ட வரைக்கும் தானும் ஏறிடும். சீரியம் ஆக்சைடு கண்ணுக்குத் தெரியுற ஒளிய நல்லா விடும். ஆனா சீரியத்த அள்ளிப் போட்டா அது அகச்சிவப்பையும் சேத்து விட்டு மேண்டில ஆறவச்சிடும், வெளிச்சம் மங்கிடும். அதனால கொஞ்சமாப் போட்டாத்தான் சரியா வரும். என்னக் கேட்டா குண்டு பல்ப விட இதுதான் கெட்டிக்கார வேலை.

தோரியத்துக்கு மோனசைட் மணல் வேணும். 1909ல ஷோம்பெர்க்ங்கிற ஜெர்மன்காரர் அத மணவாளக்குறிச்சி கடற்கரையில கண்டுபிடிச்சார், இங்கிருந்து போன தேங்காநார் கயித்துல ஒட்டியிருந்த மணலப் பாத்துத்தான் தேடி வந்தார்னு சொல்லுவாங்க. தோரியம் லேசா கதிரியக்கம் உள்ளதுங்கிறதால இப்போ நிறைய மேண்டில்கள்ல அதுக்குப் பதிலா இட்ரியம்ங்கிற வேற உலோகத்தப் போடுறாங்க.

மோனசைட்ல தோரியம் எடுத்தபிறகு சீரியமும் அதோட கூட்டாளிகளும் மலையா மிஞ்சும். வெல்ஸ்பாக் அதையும் விடல, இரும்போட கலந்து 1903ல ஒரு கலவை பண்ணினார், சிகரெட் லைட்டர்ல பொறி பறக்க வைக்கிற கல்லு அதுதான்.