தன்னை நூர்க்கும் பெட்டி: ‘யூஸ்லெஸ் மெஷின்’ – சொல் விளக்கம்

உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய மரப்பெட்டி. மேற்பலகையில் ஒரு பாதி மூடி, மறுபாதியில் ஒரு சுவிச். சுவிச்சை மூடிப் பக்கமாகத் தட்டினால் உள்ளே மோட்டர் உறுமும், மூடி எழும்பும், வளைந்த கையொன்று வெளியே வந்து அதே சுவிச்சை மற்றப் பக்கம் தள்ளிவிட்டு உள்ளே போகும். மூடி டக்கென்று விழும். திரும்பத் தட்டினால் திரும்பவும் அதுவே. வேறொரு வேலையும் அதற்குத் தெரியாது. இதைத்தான் ஆங்கிலத்தில் ‘யூஸ்லெஸ் மெஷின்’, ‘யூஸ்லெஸ் பொக்ஸ்’ என்கிறார்கள்.

யோசனை மார்வின் மின்ஸ்கியுடையது. பின்னாளில் செயற்கை நுண்ணறிவுத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான அவர், 1952இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் இருந்தபோது இதை நினைத்தார். அதைச் செய்து மேசையில் வைத்தவர் அங்கேயே பணியாற்றிய கிளோட் ஷனன், 1948இல் தகவற் கோட்பாட்டை எழுதிய அதே ஷனன். அதற்கு இட்ட பெயர் ‘அல்ரிமேற் மெஷின்’. இதற்கு மேல் ஒரு பொறி இல்லை என்ற பொருளில் ஒரு குறும்பு. ‘பயனற்ற பொறிகள்’ என்ற பெயரை இத்தாலியக் கலைஞர் புரூனோ முனாரி 1933இலேயே தன் படைப்புகளுக்கு வைத்திருந்தார். ஆனால் அவை காற்றிலே மெல்ல அசையும் தொங்கு வடிவங்கள். சுவிச்சும் இல்லை, கையும் இல்லை. பெயர் ஒன்று, பொருள் வேறு.

பெட்டியைப் பற்றிய செய்தியை உலகத்துக்குப் பரப்பியவர்களில் விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் முக்கியமானவர். ஷனனின் மேசையில் அதைப் பார்த்துவிட்டு, தன்னை நிறுத்துவதைத் தவிர வேறெதுவும் செய்யாத அந்தப் பொறியில் ஏதோ விபரீதம் இருப்பதாக 1958இல் எழுதினார். திருகோணமலைக்காரருக்கு அவர் அந்நியர் அல்ல. 1956இல் சுவாமிமலையின் அடியில் சுழியோடி, கடலுக்குள் கிடக்கும் கோணேசர் ஆலயத்தின் கற்களைக் கண்டவர்களில் அவரும் ஒருவர்.

இனிச் சொல்லுக்கு வருவோம். ‘யூஸ்’ லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ‘லெஸ்’ பழைய ஆங்கிலத்தில் ‘நீங்கிய’ என்று பொருள்படும் விகுதி. ‘மெஷின்’ கிரேக்கத்து ‘மேக்கனே’. மூன்றையும் ஒட்டினால் பயன் நீங்கிய பொறி. இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். பழுதான பொருளும் பயன்படாது, இதுவும் பயன்படாது. ஆனால் இது பழுதாகாமல், ஒவ்வொரு பாகமும் சரியாக வேலை செய்தால்தான் பயனில்லாமல் இருக்க முடியும். மோட்டர் எரிந்துபோன பெட்டி வெறும் பழுதுப் பெட்டி. ஆகவே ‘உதவாப் பொறி’, ‘கழிவுப் பொறி’ போன்ற மொழிபெயர்ப்புகள் குறி தப்புகின்றன.

‘பொறி’ என்ற பாதியில் சிக்கல் இல்லை. எங்கள் விஞ்ஞானப் புத்தகங்கள் ‘எளிய பொறிகள்’ என்றுதான் கற்பிக்கின்றன. சிலப்பதிகாரம் மதுரைக் கோட்டையின் காவற் கருவிகளைச் சொல்லும்போது ‘வளைவிற் பொறி’யில் தொடங்குகிறது. எலிப்பொறியும் பொறிதான், தொட்டவுடன் துள்ளி எழுவதில் அது இந்தப் பெட்டிக்கு ஒன்றுவிட்ட சகோதரம்.

‘யூஸ்லெஸ்’ என்ற பாதிக்கு ‘பயனிலி’ பொருந்தும். ‘இலி’ உயிருள்ள விகுதி: அறிவிலி, ஏதிலி என்கிறோம், கணிதத்தில் முடிவிலி என்று எழுதுகிறோம். திருக்குறளின் 20ஆம் அதிகாரமே ‘பயனில சொல்லாமை’. ஆனால் அவசரத்தில் ‘பயனிலைப் பொறி’ என்று எழுதிவிடக் கூடாது. எழுவாய், பயனிலை என்று இலக்கணத்தில் வரும் பயனிலை, பயன் + நிலை. அங்கே பயன் இல்லாமற் போகவில்லை. வாக்கியத்தின் பயன் நிற்பதே அங்குதான். ‘வெட்டிப் பொறி’யும் சரிவராது. புல் வெட்டும் பொறி என்று நினைத்துக் கடைக்காரர் விலை சொல்லத் தொடங்குவார்.

வகைக்குப் ‘பயனிலிப் பொறி’ போதும். எந்த வேலையும் செய்யாத எல்லா விளையாட்டுப் பொறிகளையும் அதற்குள் அடக்கலாம். இந்தக் குறிப்பிட்ட பெட்டிக்கோ அதன் செயலைச் சொல்லும் பெயர் வேண்டும். ‘தன்னணைப்பி’ என்று ஒரு சொல்லை உருவாக்கலாம். ஆனால் அணைத்தல் தழுவுதலும் ஆகும், தன்னைத்தானே கட்டிப்பிடிக்கும் பெட்டியென்று ஆகிவிடும். இலங்கையில் எங்கள் பக்கத்தில் இதற்கென்றே ஐயமில்லாத வினை இருக்கிறது: நூர். ‘லைற்றை நூர்’, ‘விளக்கு நூர்ந்திட்டுது’ என்று நாளாந்தம் வாயில் வரும் சொல்லைக் கலைச்சொல் ஆக்குபவர்கள் ஏனோ தொடுவதில்லை.

சேர்ந்தது, சேர்த்தது போல நூர்ந்தது தன்வினை, நூர்த்தது பிறவினை. மின்கேத்தல் தண்ணீர் கொதித்ததும் ‘தானாய் நூரும்’. அங்கே வெப்பம் பட்டு உள்ளே ஓர் உலோகத் தகடு வளைந்து சுற்றைத் துண்டிக்கிறது, பயனும் இருக்கிறது. எங்கள் பெட்டியில் ஒரு கை வெளியே வந்து, மனிதர் தொட்ட அதே சுவிச்சைத் தொட்டு, தன்னை ‘நூர்க்கிறது’. எனவே ‘தானாய் நூரும் பெட்டி’ என்றால் கேத்தலும் உள்ளே வந்துவிடும். ‘தன்னை நூர்க்கும் பெட்டி’ என்பதே துல்லியம். சுருக்குகிறேன் என்று ‘தன்னூர்ப் பெட்டி’ ஆக்கினால் யாரோ சொந்த ஊருக்குக் கொண்டுபோகும் பெட்டி போலக் கேட்கும்.

உள்ளே இருப்பதைப் பார்த்தால் இந்தப் பிறவினை இன்னும் தெளிவாகும். தேவையானவை நான்கு: பல்லிணைப்புள்ள (கியர் உள்ள) சின்ன டி.சி. மோட்டர், ஒரே தட்டலில் இரண்டு இணைப்பை மாற்றும், ஆறு கால்களுள்ள டி.பி.டி.ரி. ரொகிள் சுவிச், அமத்தினால் மாறும் சின்ன மைக்ரோ சுவிச் ஒன்று, நான்கு பென்ரோச் (ஏ.ஏ.) பற்றரி. பற்றரி நான்கும் தொடராக 6 வோல்ற்று. 9 வோல்ற்று சதுரப் பற்றரி வேண்டாம். மோட்டர் இழுக்கும்போது வோல்ற்றளவு விழுந்து கை பாதி வழியில் நின்றுவிடும்.

ரொகிள் சுவிச்சின் நடு இரண்டு காலும் மோட்டருக்கு. மூடிக்குத் தூரமான இரண்டு காலுக்கும் பற்றரியின் நேர், மறை நேரடியாக வரும். மூடிப் பக்கக் கால்களுக்கு அதே இரண்டும் இடம் மாறி வரும். அவற்றுள் நேர் வயர் மட்டும் மைக்ரோ சுவிச்சின் ‘சி’ (பொது), ‘என்.சி.’ (அமத்தாதபோது தொட்டிருப்பது) கால்களின் ஊடாக வரவேண்டும். ரொகிள் சுவிச்சின் நெம்பை (தட்டும் தண்டை) எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அதற்கு எதிர்ப்பக்கக் கால்கள்தான் நடுக்காலுடன் தொடும் என்பதை மறக்கக் கூடாது. மல்ரிமீற்றரின் பீப் சத்தத்தால் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. நெம்பை மூடிப் பக்கம் தட்டினால் மோட்டர் முன்னோக்கிச் சுற்றும். கை சுவிச்சைத் தள்ளியதும் மின்னோட்டத்தின் திசை மாறி மோட்டர் பின்னோக்கிச் சுற்றும். கை உள்ளே வந்து மைக்ரோ சுவிச்சை அமத்தியதும் சுற்று அறுபடும். ஆக, கை சுவிச்சைத் தட்டும் கணத்தில் பெட்டி நிற்பதில்லை, திரும்பத்தான் செய்கிறது. உண்மையில் அதை நூர்ப்பது யார் கண்ணுக்கும் படாத அந்த மைக்ரோ சுவிச்.

வாங்கும்போது நடக்கும் பிழை, நடுவில் நிற்கும் சுவிச்சை வாங்குவது. மூன்று நிலையுள்ளதென்றால் நெம்பு நடுவில் வந்ததுமே மின் அறுந்து கை வெளியே நின்றுவிடும். இரண்டு நிலை மட்டும் உள்ளதாகக் கேட்க வேண்டும். கை வெளியே நிற்பதற்கு இன்னொரு காரணம், மைக்ரோ சுவிச்சில் ‘என்.சி.’ காலுக்குப் பதில் ‘என்.ஓ.’ (அமத்தினால் மட்டும் தொடுவது) காலில் பற்றாசு வைத்தது. அப்படியானால் ஓய்விலும் மோட்டர் முக்கிக்கொண்டே இருக்கும், பற்றரி சூடாகும். தட்டியவுடன் கை வெளியே வராமல் உள்நோக்கி முட்டினால் மோட்டரின் இரண்டு வயரையும் மாற்றினால் சரி. வெளியே வந்த கை சுவிச்சைத் தள்ளிய பிறகும் விடாமல் தள்ளிக்கொண்டே நின்றால் மூடிப் பக்கக் கால்களில் நேரும் மறையும் இடம் மாறாமல் இருக்கிறது; அந்த இரண்டு வயரையும் ஒன்றுக்கொன்று மாற்ற வேண்டும்.

கைக்குப் பலம் போதாமை பலருக்கும் வரும் தொல்லை. சுவிச்சைக் கிடையாகப் பிடித்து, நெம்பின் நுனியில் நூலால் ஒரு ஷொப்பிங் பேக்கைக் கட்டி, அது சரியும் வரை மணல் போடுங்கள். 250 கிராமில் சரிந்தது என்று வைத்துக்கொள்வோம். கையின் நீளம் 8 சென்ரிமீற்றர் என்றால் மோட்டருக்கு 250 × 8, அதாவது 2 கிலோகிராம்-சென்ரிமீற்றர் முறுக்கம் தேவை. மோட்டர் 0.8தான் தருமென்றால் நுனியில் 100 கிராம் விசைதான் கிடைக்கும், சுவிச் அசையாது. கையைக் குறுக்கலாம், இளகலான சுவிச் பார்க்கலாம். பல்லிணைப்பு விகிதம் கூடிய மோட்டர் போடுவதே நல்லது. கை மெதுவாக வரும், ஆனால் மெதுவாக வருவதில்தான் இந்தப் பெட்டியின் நக்கல் இருக்கிறது.

உப்புவெளி என்று ஊருக்கே பெயர் வைத்த திருகோணமலைக் கரையில் உப்புக்காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். பற்றரிக் கூட்டின் இரும்புச் சுருள் துருப்பிடிக்கும், செப்பு வயரின் நுனி பச்சைக் களிம்பு கட்டும். சுருளில் மெல்லியதாக வசிலின் பூசுங்கள். பாவிக்காத நாட்களில் பற்றரியைக் கழற்றி வையுங்கள். மாரி காலத்தில் மரம் ஊதும், மூடி இறுகும். மூடியைச் சுற்றி 2 மில்லிமீற்றர் இடைவெளி விட்டால் கார்த்திகை மார்கழியிலும் திறக்கும்.

சுவிச்சுக்கு இருபுறமும் ‘ஓன்’, ‘ஓப்’ என்று ஒட்டுவதற்குப் பதில் ‘போடு’, ‘நூர்’ என்று எழுதலாம். ‘போடு’ மூடிப் பக்கம், ‘நூர்’ மூடிக்குத் தூரமான பக்கம். மாறி ஒட்டினாலும் பெட்டி தன்பாட்டில் வேலை செய்யும். ஆனால் ‘நூர்’ என்ற பக்கம் தட்டியவுடன் கை வந்து ‘போடு’ என்ற பக்கம் தள்ளிவிட்டு, போட்டபடியே நின்றுவிடும்.