"குரங்கு நல்லாத்தான் இருக்கு டாக்டர்"

அழகர்கோயிலில் தம்பிக்குக் காதுகுத்து. முடிந்த கையோடு குடும்பமாகப் பழமுதிர்சோலைக்கு ஏறியிருக்கிறார்கள். கையில் தோசைப் பொட்டலம். மூத்தவளுக்கு ஒன்பது வயது. வழியோரம் இருந்த குரங்குக்கு ஒரு விள்ளல் நீட்டியிருக்கிறாள். அப்பா செல்போனில் படம் பிடித்திருக்கிறார். இது ஞாயிற்றுக்கிழமை. என்னிடம் வந்தது புதன்கிழமை மாலை. சுட்டுவிரலில் இரண்டு பல் இறங்கியிருந்தது, அதன்மேல் காப்பித்தூள் அப்பிக் காய்ந்து கிடந்தது.

"ஏங்க இத்தனை நாள்?" என்றேன்.

"குரங்கு நல்லாத்தான் இருக்கு டாக்டர். நேத்துகூட என் மச்சான் போய்ப் பார்த்துட்டு வந்தான்."

இந்த மாதத்தில் இது மூன்றாவது. அந்த மலையில் நடுவகிடு எடுத்த மாதிரி தலையோடு கூட்டம் கூட்டமாகக் குரங்குகள் திரிகின்றன. மச்சான் அதில் எதைப் பார்த்தார் என்று கேட்க வாய்வரை வந்தது. சரி, அதே குரங்கு என்றே வைத்துக்கொள்வோம். கடித்த பிராணிக்கு ரேபிஸ் என்ற வெறிநோய் இருக்கிறதா என்று 'பத்து நாள் பார்ப்பது' என்ற கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டும்தான். அங்கேயும் முதல் ஊசியைப் போட்டுவிட்டுத்தான் பார்க்க வேண்டும். பத்து நாளும் அது நலமாக இருந்தால் மிச்ச ஊசியை நிறுத்துவது பற்றி டாக்டர் முடிவு செய்வார். பார்த்துவிட்டு அப்புறம் போடலாம் என்று எந்த டாக்டரும் சொல்லியிருக்க மாட்டார். குரங்குக்கு அந்தக் கணக்கே கிடையாது. கடித்த குரங்கு மறுநாள் கிளையில் ஊஞ்சலாடினாலும் ஊசி போட்டே ஆக வேண்டும். இந்த நோய்க்கு 'வெறிநாய்க்கடி' என்று பெயர் வைத்துவிட்டோம், அதனால் நாய்க்கு மட்டும்தான் வரும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ரேபிஸுக்குக் கோயில் குரங்கு, காட்டுக் குரங்கு என்ற பேதம் தெரியாது. அறிகுறி வந்துவிட்டால் எங்களால் அநேகமாக எதுவும் செய்ய முடியாது.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று இன்னமும் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அது போன தலைமுறைக் கதை. இப்போது கையில்தான். நான்கோ ஐந்தோ தவணை, ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். அரசு மருத்துவமனையில் காசும் கிடையாது.

கடிபட்டால் முதல் வேலை குழாயடி. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். காப்பித்தூள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். இறுக்கிக் கட்டாதீர்கள், தையல் போடச் சொல்லி நச்சரிக்காதீர்கள். அன்றைக்கே ஊசி. தோல் கிழிந்திருந்தால் காயத்திலேயே இம்யூனோகுளோபுலின் என்ற, கிருமியை உடனே மறிக்கும் மருந்தையும் போட வேண்டும். நகக் கீறல்தானே என்று வீட்டில் உட்காராதீர்கள். தாமதமாகிவிட்டாலும் வெட்கப்படாமல் வாருங்கள், திட்டிக்கொண்டே போட்டுவிடுவேன்.

தீனி போடுகிறவர்களிடம் ஒரு வேண்டுதல். மலையில் அதற்குப் பழமும் தளிரும் பூச்சியும் இருக்கிறது. நாம் நீட்டி நீட்டித்தான் பை சரசரத்தாலே பாய்ந்து வரப் பழகியிருக்கிறது. புண்ணியம் தேட வேறு வழி பாருங்களேன்.

அந்தப் பிள்ளையின் விரலைக் கழுவி, முதல் ஊசியைப் போட்டு, இம்யூனோகுளோபுலினுக்காகப் பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினேன். கிளம்பும்போது அப்பா செல்போனை நீட்டினார். "பாருங்க டாக்டர், எப்படிச் சிரிக்குதுன்னு."

குரங்கு அப்படிப் பல்லை இளித்தால் பயந்திருக்கிறது என்று அர்த்தம்; வாயைப் பிளந்து முறைத்தால் மிரட்டுகிறது. படத்தில் அதன் பல்லுக்கும் பாப்பாவின் விரலுக்கும் நடுவே ஒரு சாண் இடம்கூட இல்லை.