‘நம்பிக்கை நிறைந்த’ உறவுக்கு ‘ஃப்ராட் வித்’ போடாதீர்கள்

மறுபடியும் வந்துவிட்டது. போன வாரம் திருத்தத்துக்கு வந்த ஒரு கடிதத்தின் முதல் பத்தியிலேயே.

ஒரு நிறுவனம் தன் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதிய நன்றிக் கடிதம் அது. பத்து ஆண்டாகத் தொடரும் தொழில் உறவைக் கொண்டாட ஒரு பக்கம். இரண்டாவது வரி இப்படி: ‘தி ரிலேஷன்ஷிப் இஸ் ஃப்ராட் வித் ட்ரஸ்ட்.’ (மோசடியைச் சொல்லும் ‘ஃப்ராட்’ இல்லை இது, ‘fraught’ என்ற வேறு சொல்.) எழுதியவர் சொல்ல நினைத்தது, நம் உறவு நம்பிக்கை நிறைந்தது என்பதை. அங்கே படிப்பவர் முதலில் புருவத்தை உயர்த்துவார். நம்பிக்கையில் ஏதோ சிக்கல், அதைச் சுற்றி வளைத்துச் சொல்கிறார்கள் என்று நினைப்பார். நன்றி சொல்லப் போய் வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டு வருகிற கடிதம்.

தமிழர்கள் எழுதும் ஆங்கிலத்தைத் திருத்துவதுதான் என் பிழைப்பு. அலுவலகக் கடிதங்கள், அறிக்கைகள், கல்லூரி விண்ணப்பக் கட்டுரைகள், எல்லாம் வரும். இந்த ஒரு சொல் மட்டும் இந்த ஆண்டில் ஐந்தாவது முறையாக என்னை நிறுத்தியிருக்கிறது. அதற்கு முன்னால் வந்தது ஒரு விடுப்பு மின்னஞ்சல்: ‘ஐ ஆம் ஃப்ராட் வித் ஃபீவர்.’ காய்ச்சலோடு படுத்திருக்கிற மனிதரைத் திட்ட மனம் வரவில்லை. ‘ஐ ஹாவ் ஃபீவர்’ என்று மாற்றி அனுப்பினேன். சொந்த வேலையாகவே ஒரு மின்னஞ்சலைத் திருத்தக் கொடுத்தவர், அதுவும் மேலாளருக்குப் போகும் இரண்டு வரி. அவ்வளவு அக்கறை உள்ளவருக்குத்தான் இந்தச் சொல் கண்ணில் படுகிறது, பாருங்கள்.

சொல்லை முதலில் அடையாளம் காட்டிவிடுகிறேன். எஃப், ஆர், ஏ, யு, ஜி, ஹெச், டி. ‘டாட்டர்’ என்று மகளைச் சொல்லும்போது நடுவில் உள்ள ஜி-யும் ஹெச்-சும் எப்படி ஒலிப்பதில்லையோ அப்படியே இதிலும் ஒலிக்காது. பதற்றமும் சிக்கலும் ஏறிக் கிடக்கிற நிலையைச் சொல்லும் பெயரடை.

‘ஏறிக் கிடக்கிற’ என்று சும்மா சொல்லவில்லை. இது கப்பல் துறையிலிருந்து வந்த சொல். டச்சு மொழியில் ‘வ்ராக்ட்’ என்றால் சரக்கு, இன்றைக்கும் அதே பொருள்தான். சரக்கு ரயிலுக்கும் சரக்குக் கட்டணத்துக்கும் நாம் சொல்லும் ‘ஃப்ரெய்ட்’ இதற்கு உடன்பிறப்பு. 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குச் சரக்கு ஏற்றப்பட்டது என்று மட்டுமே பொருள். என்ன சரக்கு என்பது பற்றி அதற்குக் கவலை இல்லை. போகப் போக, ஏற்றப்படும் சரக்கு ஆபத்து, இடர், சிக்கல் என்றே ஆகிப்போனது. இப்போது வெற்றுக் கப்பலாக வந்தாலும் உள்ளே வெடிமருந்து இருப்பதாகத்தான் படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

சரி, தவறு எங்கே தொடங்குகிறது என்று பார்ப்போம். நூற்றுக்குத் தொண்ணூறு இடத்தில் நம்முடைய ‘நிறைந்த’ என்ற சொல்லில்தான்.

ஆங்கில நாளேட்டில் ‘ஃப்ராட் வித் டேஞ்சர்’ என்று படிக்கிறோம். மனதுக்குள் ‘ஆபத்து நிறைந்த’ என்று மொழிபெயர்க்கிறோம். அது சரியான மொழிபெயர்ப்புதான், அங்கே பிழை இல்லை. பிழை திரும்பி வரும் வழியில் நடக்கிறது. ‘ஃப்ராட் வித்’ என்றால் ‘நிறைந்த’ என்று ஒரு சமன்பாடு மனதில் பதிந்துவிடுகிறது. அடுத்த முறை அன்பு நிறைந்த, மகிழ்ச்சி நிறைந்த, நம்பிக்கை நிறைந்த என்று எழுத வேண்டி வரும்போது அதே சமன்பாட்டைத் திருப்பிப் போடுகிறோம். தமிழில் ‘நிறைந்த’ எதையும் தாங்கும். அருள் நிறைந்த என்றும் சொல்லலாம், அழுக்கு நிறைந்த என்றும் சொல்லலாம். ஆங்கிலச் சொல்லுக்கு அந்தத் தாராளம் கிடையாது. அதற்குப் பின்னால் ஆபத்து, இடர், சிரமம், பதற்றம், முரண்பாடு இவைதான் வந்து நிற்கும். ‘ஃப்ராட் வித் லவ்’ என்று எழுதினால் அந்தக் காதலில் ஏதோ வில்லங்கம் என்று பொருள்.

இதைச் சொன்னால் உடனே, “அகராதியில் ‘நிறைந்த’ என்றுதானே போட்டிருக்கிறது?” என்று கேட்கிறார்கள். போட்டிருக்கும். இருமொழி அகராதி ஒரு சொல்லுக்கு நிகரான சொல்லைத் தரும். அந்தச் சொல் யாரோடு பழகும், யாரோடு பழகாது என்பதை எல்லா அகராதியும் சொல்வதில்லை. தமிழிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். ‘மலிந்த’ என்றாலும் மிகுந்த, நிறைந்த என்பதுதான் பொருள். பழைய இலக்கியத்தில் வளத்துக்கும் அழகுக்கும் அது கூச்சமில்லாமல் வரும். இன்றைக்கு? ஊழல் மலிந்த நிர்வாகம், குற்றங்கள் மலிந்த பகுதி, பிழைகள் மலிந்த பதிப்பு. ஒரு திருமண வாழ்த்தில் ‘அன்பு மலிந்த இல்லறம் அமைய வாழ்த்துகிறேன்’ என்று யாராவது எழுதினால் நமக்கு எப்படி இருக்கும்? இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை, ஆனாலும் காதில் இடிக்கும். அந்த இடிதான் நம் ‘ஃப்ராட் வித் ட்ரஸ்ட்’ வாக்கியத்தைப் படிக்கும் ஆங்கிலேயர் காதில் விழுவது. ‘நாற்றம்’ என்ற சொல் ஒரு காலத்தில் நறுமணத்தையும் குறித்தது என்பதற்காக, மல்லிகைக்கு நல்ல நாற்றம் என்று இன்று எழுதுவோமா?

விதிவிலக்கு உண்டு. ‘ஃப்ராட் வித் மீனிங்’ என்று எழுதுவார்கள், பொருள் பொதிந்த என்ற கருத்தில். ஒரு பார்வை, ஒரு மௌனம், இவற்றுக்கு அது வரும். ஆனால் அதிலும் லேசாக ஒரு கனம், ஏதோ சொல்லாமல் விட்ட உணர்வு இருக்கும். இந்த விதிவிலக்கைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வாதாட வராதீர்கள். முதலில் விதியைப் பழகுங்கள்.

அடுத்த கூட்டம், ‘கடினம்’ என்று எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் இதைப் போடுகிறவர்கள். ‘டிஃபிகல்ட்’ என்று எழுதினால் பள்ளிப் பிள்ளை எழுதியது போல இருக்கிறதாம். இணைச்சொல் அகராதியைத் திறந்து, இருப்பதிலேயே கண்ணுக்குப் புதிதாகத் தெரிவதை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். அங்கே ஒரே வரிசையில் நிற்கும் சொற்கள் எல்லாம் ஒரே எடை இல்லை. கணக்குத் தேர்வு கடினமாக இருந்தது என்பதற்கு இந்தச் சொல் வராது. கணக்கு கடினம், அவ்வளவுதான், அதில் யாரும் யாரோடும் மனக்கசப்பில் இல்லை. தேர்வுக்கு முந்தின இரவு வீட்டில் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுந்துகொண்டிருந்தால், அந்த இரவுக்கு வரும்.

கல்லூரி விண்ணப்பக் கட்டுரை ஒன்றில் ஒரு மாணவி தன் இளமைக்காலத்தை ‘ஃப்ராட் சைல்ட்ஹுட்’ என்று எழுதியிருந்தார். படித்ததும் அடிதடி நடக்கும் வீடு என் கண்முன் வந்தது. தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். “ஐயோ, அதெல்லாம் இல்ல மேடம். அப்பா அம்மா ரொம்ப நல்லா பாத்துக்கிட்டாங்க. பணம்தான் இல்ல” என்றார். வறுமையைச் சொல்ல வந்த பெண் தன் பெற்றோர் மேல் தெரியாமல் பழி போட்டிருக்கிறார். ‘வீட்டில் பணம் குறைவு’ என்று நேராக ஆங்கிலத்தில் எழுத வைத்தேன். அதற்குக் கீழே அவர் எழுதியிருந்த பத்தி, அம்மா பழைய நோட்டுகளில் மிஞ்சிய பக்கங்களைக் கிழித்துத் தைத்துக் கொடுத்தது பற்றி. அவ்வளவு நல்ல பத்திக்கு மேல் இந்தச் சொல் எதற்கு?

நம் மொழியில் கடினம் வேறு, சிரமம் வேறு, சிக்கல் வேறு, இறுக்கம் வேறு, மனக்கசப்பு வேறு. ஆங்கிலத்திலும் தனித்தனிச் சொற்கள் உண்டு. வேலை கடினம் என்றால் ‘ஹார்ட்’. சிக்கலான பிரச்சினை என்றால் ‘காம்ப்ளிகேட்டட்’. அறையில் எல்லோரும் இறுகிப்போய் உட்கார்ந்திருந்தால் ‘டென்ஸ்’. உறவில் விரிசல் என்றால் ‘ஸ்ட்ரெய்ன்ட்’. நம் சொல் வருகிற இடம், கத்திமேல் நடக்கிற நிலை. ஒரு சொல் தவறினால் ஏதாவது வெடிக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும் நிலை. சொத்துப் பிரிக்க உட்காரும் அண்ணன் தம்பிகளின் பேச்சுவார்த்தை, அதற்குத் தாராளமாகப் போடலாம். முன்னால் ‘எமோஷனலி’ என்றோ ‘பொலிட்டிக்கலி’ என்றோ ‘லீகலி’ என்றோ சேர்த்தால் எந்த வகைச் சிக்கல் என்பதும் தெளிவாகிவிடும்.

இலக்கணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இது பெரிய விஷயமே இல்லை. பின்னால் வருவது ‘வித்’ மட்டும்தான். ‘பை’ இல்லை, ‘ஆஃப்’ இல்லை. அதற்குப் பின் பெயர்ச்சொல். ஒப்பிட வேண்டுமென்றால் ‘மோர்’ சேருங்கள், வாலில் ‘-எர்’ ஒட்டாதீர்கள். ‘வித்’ இல்லாமல் தனியாகவும் நிற்கும், ‘எ ஃப்ராட் மீட்டிங்’ என்பது போல. இந்தத் தனி நடை 20ஆம் நூற்றாண்டில்தான் பரவலானது. எழுத்துப்பிழைத் திருத்தியை நம்பி உட்காராதீர்கள். எழுத்துக்கூட்டல் சரியாக இருக்கும்போது அது ஏன் சிவப்புக் கோடு போடப்போகிறது?

‘டென்ஸ்’ என்றதும் இன்னொன்று. ‘ஐ ஆம் டென்ஸ்ட்’ என்று எழுதுவது நம் நாட்டு ஆங்கிலத்தில் ஊறிவிட்டது. வெளியில் உள்ளவர் காதில் அது தசையை இறுக்கிக்கொண்டது போலக் கேட்கும். ‘டென்ஸ்’ போதும், ‘ஆங்ஷஸ்’ இன்னும் நல்லது. நாம் தினமும் சொல்லும் ‘டென்ஷன்’ இழுத்துக் கட்டுதல் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இலக்கணத்தில் காலம் காட்டும் ‘டென்ஸ்’ வேறு வேர், அது நேரத்தைக் குறிக்கும் ‘டெம்பஸ்’. இந்தத் தகவலால் யாருக்கும் வேலை கிடைக்கப்போவதில்லை, எனக்குப் பிடிக்கும் என்பதால் சொன்னேன்.

வாயால் சொல்லும்போது வரும் ஆபத்து இதைவிடப் பெரிது. ஓர் அலுவலகக் கூட்டத்தில் கணக்குப் பிரிவுப் பெண் ஒருவர், பணம் பட்டுவாடா செய்யும் முறை எப்போதும் இழுபறியாக இருக்கிறது என்று சொல்ல ‘தி பேமெண்ட் ப்ராசஸ் இஸ் ஃப்ராட்’ என்றிருக்கிறார். குறிப்பெடுத்த இளைஞர் காதில் விழுந்தது மோசடி என்ற பொருளுள்ள இன்னொரு ‘ஃப்ராட்’ (fraud). இலக்கணம் இடித்ததால் நடுவில் ஓர் ‘எ’-யும் சேர்த்து, பட்டுவாடா முறை ஒரு மோசடி என்று எழுதிவிட்டார். அந்தக் குறிப்பு எட்டுப் பேருக்குப் போனது, அதில் ஒருவர் தணிக்கையாளர். யார் மோசடி, எவ்வளவு தொகை என்று கேட்டு அவர் எழுதிய மின்னஞ்சலுக்குப் பதில் தயாரிக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். ‘படு’, ‘பட்டு’ இரண்டையும் நாம் எப்படிப் பிரித்துச் சொல்கிறோமோ அந்த அளவு வேறுபாடுதான் இந்த இரு சொற்களின் கடைசி ஒலியில். தொலைபேசியில் அதுவும் கரைந்துவிடும். பணம் பற்றிய பேச்சில் இந்தச் சொல்லை வாயால் சொல்லவே சொல்லாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

எழுதும்போது நான் செய்யச் சொல்வது ஒன்றுதான். இந்தச் சொல் விரல் நுனிக்கு வந்தால் நிறுத்தி, என்ன சரக்கு ஏற்றியிருக்கிறேன் என்று கேளுங்கள். ஒரு மேலாளர் தன் அறிக்கையில் ‘தி டிஸ்கஷன் வாஸ் வெரி ஃப்ராட்’ என்று எழுதியிருந்தார். இங்கே சொல் தவறில்லை. ஆனால் என்ன நடந்தது என்று தெரியவில்லை. போன் செய்து கேட்டேன். “ரெண்டு பேரும் முகம் கொடுத்தே பேசலைங்க. என்கிட்ட சொல்லி, நான்தான் எதிர்ல இருக்கறவர்கிட்ட சொன்னேன்” என்றார். அதையே எழுதுங்கள் என்றேன். இரு பிரிவுத் தலைவர்களும் ஒருவரோடு ஒருவர் நேராகப் பேசவில்லை, எல்லாமே என் வழியாகத்தான் போனது என்று அறிக்கையில் வந்தது. அதைப் படித்த மேலதிகாரி அடுத்த வாரமே இருவரையும் கூப்பிட்டுப் பேசினாராம்.

சரி, நன்றிக் கடிதத்துக்கு வருகிறேன். அந்த வரியை எடுத்துவிட்டு, ‘யூ ஹாவ் ட்ரஸ்டட் அஸ் ஃபார் டென் இயர்ஸ்’ என்று போட்டு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன். “ரொம்ப சாதாரணமா இருக்கே மேடம்? பத்து வருஷ உறவு, கொஞ்சம் கனமா ஒரு வார்த்தை வேணாமா?” மலிந்த, நிறைந்த, கப்பல், சரக்கு என்று மேலே உள்ள அத்தனையையும் இருபது நிமிடம் அவருக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். புரிந்தது என்றும் சொன்னார். வைக்கப் போகும்போது, “அப்போ கடைசி வரியில ‘ஃப்ராட் வித் ஆப்பர்சூனிட்டீஸ்’னு ஒண்ணு இருக்கே, அதை மட்டும் விட்டுடலாமா?” என்றார்.