பாட்டு முடிந்த பிறகு வரும் வெற்றுப் பட்டை

ஏழு அங்குல இசைத்தட்டு ஒன்றைப் பழகிய சேகரிப்பாளர் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். பாடகர் யாரென்று அவர் பிறகுதான் பார்ப்பார். முதலில் தட்டை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்து, பாட்டு முடியும் வரிக்கும் நடுவிலுள்ள லேபிளுக்கும் இடையே இருக்கும் வெற்றுப் பட்டையைக் கூர்ந்து நோக்குவார். அங்கே ஊசி முனையால் கிறுக்கியதுபோல் சில எண்கள் இருக்கும். சில தட்டுகளில் ஒரு சிறு முத்திரையும் இருக்கும். தட்டின் விலை பத்துப் பவுண்டா பத்தாயிரம் பவுண்டா என்பதைப் பல நேரம் அந்தக் கிறுக்கல்தான் முடிவு செய்கிறது.

இவ்வளவு கண்டிப்பு எல்லா இசைத்தட்டுச் சந்தையிலும் கிடையாது. சோல் எனப்படும் அமெரிக்கக் கறுப்பினப் பாட்டு வகையின் 1960கள் காலத்து இசைத்தட்டுகளை வாங்கி விற்பவர்களிடம்தான் அது உச்சத்தில் இருக்கிறது. அதற்குக் காரணம் அமெரிக்காவில் இல்லை, வட இங்கிலாந்திலும் அதையொட்டிய நடுப்பகுதியிலும் இருக்கிறது. மான்செஸ்டர், ஸ்டோக், பிளாக்பூல் பக்கத்து ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு டெட்ராய்ட் பாணியிலான வேகத்தாளச் சோல் பாட்டுதான் ஆடப் பிடித்தது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கறுப்பின இசை ஃபங்க் என்ற வேறொரு தாளப் பாணியின் பக்கம் திரும்பிவிட்டது. பிடித்த பாணியில் புதுப் பாட்டு வருவது நின்றுபோனது. மிச்சமிருந்த வழி ஒன்றுதான்: சில ஆண்டுகளுக்கு முன் வெளியாகி யாரும் வாங்காமல் போன தட்டுகளைத் தோண்டி எடுப்பது. நார்தர்ன் சோல் என்று அழைக்கப்படும் இந்த ரசனை முழுக்கத் தோல்வியடைந்த பாட்டுகளின் மேல் எழுந்தது. விகன் நகரின் விகன் கேசினோ என்ற நடனக்கூடத்தில் 1973 செப்டம்பரில் தொடங்கி 1981 டிசம்பர் வரை விடிய விடிய ஆட்டம் நடந்தது. அங்கே தட்டு சுழற்றிய டிஜேக்களுக்குள் போட்டி கடுமை. அடுத்தவரிடம் இல்லாத பாட்டு தன்னிடம் இருக்க வேண்டும். கிடைத்த தட்டின் லேபிள் மேல் வேறு காகிதத்தை ஒட்டி, பொய்ப் பெயர் சொல்லி இசைப்பது அன்றாட வழக்கம்.

அப்படி மறைக்கப்பட்டவற்றில் பேர்போனது ஃபிராங்க் வில்சன் பாடிய ‘டூ ஐ லவ் யூ’. டெட்ராய்ட்டின் மோட்டவுன் இசைக் குழுமத்தின் சோல் என்ற துணை நிறுவனத்துக்காக 1965-ல் அச்சிடப்பட்டது. விகனில் இதை எடி ஃபாஸ்டர் பாடியதாகச் சொல்லித்தான் இசைத்தார்கள். வில்சன் பாடகராவதைவிடத் தயாரிப்பாளராக இருக்கவே விரும்பினார், அதனால் வெளியீடு கைவிடப்பட்டு மாதிரிப் பிரதிகள் அழிக்கப்பட்டன என்பது வழிவழியாகச் சொல்லப்படும் காரணம். தப்பியவை இரண்டே பிரதிகள் என்றுதான் வெகுகாலம் பேச்சு. அதில் ஒன்று 2009-ல் 25,742 பவுண்டுக்குப் போனது. 2020-ல் ஒரு லட்சம் பவுண்டுக்கு ஒரு விற்பனை நடந்ததாகச் செய்தி வந்தது.

இவ்வளவு பணம் புரளும் இடத்தில் கள்ளத்தட்டு வராமல் இருக்குமா? விகன் காலத்திலேயே வந்துவிட்டது. அசலையும் கள்ளத்தையும் பிரித்தறிய, தட்டு எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பாட்டு முதலில் ஒலிநாடாவில் பதிவாகும். அந்த நாடாவை ஓடவிட்டு, அலுமினியத் தகட்டின் மேல் பூசிய லாக்கர் என்ற மென்மையான பூச்சில், சூடேற்றிய ஊசி ஒன்று சுருள் பள்ளத்தை வெட்டுகிறது. ஒலி அலைக்கு ஏற்ப ஊசி இடவலமாக நெளிகிறது, பள்ளமும் நெளிகிறது. வெட்டி முடித்ததும், அந்த எந்திரத்தை இயக்கியவர் கூர்முனை ஒன்றால் வெற்றுப் பட்டையில் பதிவு எண்ணைக் கையால் எழுதுகிறார். ஆக அந்த எண் ஒரு தனிமனிதரின் கையெழுத்து. ஏழு என்ற எண்ணை எழுதும்போது குறுக்குக் கோடு போடுவாரா, நான்கின் தலையை மூடுவாரா என்பதெல்லாம் அதில் பதிந்துவிடும்.

லாக்கர் தகட்டை நேராக அச்சாகப் பயன்படுத்த முடியாது. அது அவ்வளவு மென்மையானது. அதன் மேல் வெள்ளியை மிக மெல்லிதாகத் தெளித்து மின்சாரம் பாயும்படி செய்து, நிக்கல் கரைசலில் தொங்கவிட்டு மின்முலாம் பூசுகிறார்கள். நிக்கல் படிந்து தடித்ததும் பிரித்தெடுத்தால், பள்ளம் இருந்த இடத்தில் மேடு நிற்கும் எதிர்வார்ப்பு கிடைக்கிறது. அதிலிருந்து மறுபடி முலாம் பூசி ஒரு தாய்த்தகடு, தாயிலிருந்து அச்சுகள். இரு பக்கத்துக்கும் இரண்டு அச்சுகள் எந்திரத்தில் எதிரெதிரே பொருத்தப்படும். பூரிப் பலகையில் மாவுருண்டை வைப்பதுபோல, சூடாக்கி இளகிய வினைல் என்ற பிளாஸ்டிக் உருண்டையை மேலும் கீழும் லேபிள் காகிதத்தோடு நடுவில் வைத்து, நீராவியால் சூடான அச்சுகள் பல டன் விசையில் அழுத்தும். பிறகு அச்சுக்குள்ளேயே தண்ணீர் பாய்ந்து குளிர்விக்கும். அரை நிமிடத்தில் ஒரு தட்டு தயார். ஓர் அச்சு ஏறத்தாழ ஆயிரம் தட்டுவரை தாங்கும், பிறகு பள்ளத்தின் நுண்மை மழுங்கிவிடும்.

டெட்ராய்ட்டிலும் சிகாகோவிலும் இருந்த சிறு கம்பெனிகள் பல அந்த ஆயிரத்தைத் தொட்டதே இல்லை. சில நூறு தட்டு அடித்து, உள்ளூர் வானொலி நிலையங்களுக்கு மாதிரிப் பிரதி கொடுத்துப் பார்ப்பார்கள். வானொலி எடுத்துக்கொள்ளாவிட்டால் கதை முடிந்தது. கம்பெனி மூடியதும் அச்சுகள் பழைய உலோகமாகப் போய்விடும். அச்சு இல்லாமல் அதே தட்டை மறுபடி பிறப்பிக்க வழியில்லை. புதிதாக லாக்கர் வெட்டித்தான் ஆக வேண்டும். புதிதாக வெட்டினால் கையெழுத்து மாறும்.

கள்ளத்தட்டு பிடிபடும் முதல் இடம் இது. கையெழுத்தோடு ஆலை முத்திரையும் சேர்ந்தால் இன்னும் வசதி. மிச்சிகன் மாநிலம் ஓவோசோவில் இருந்த அமெரிக்கன் ரெக்கார்டு பிரெஸ்ஸிங் ஆலை தன் பெயரின் முதலெழுத்துகளைப் பதித்தது. லாஸ் ஏஞ்சலஸின் மோனார்க் ஆலை ஒரு முக்கோணமும் அதன் பக்கத்தில் ஓர் எண்ணும் போட்டது. முக்கோண எண்கள் வரிசையாக ஏறுபவை என்பதால், தட்டு எந்த ஆண்டு அச்சானது என்றே கணக்குப் போடலாம். 1966 தட்டு என்று விற்பவர் சொல்ல, எண் 1970களைக் காட்டினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

மோனார்க் என்றதும் இன்னொரு சங்கதி. அங்கே அடித்த ஒற்றைப்பாட்டுத் தட்டுகளில் பல வினைலே அல்ல, பாலிஸ்டைரீன் என்ற வேறு பிளாஸ்டிக். சேகரிப்பாளர்கள் சுருக்கமாக ஸ்டைரீன் என்பார்கள். இதை அழுத்துவதில்லை; உருக்கி, மூடிய அச்சுக்குள் பீய்ச்சுகிறார்கள். வேலை வேகம், செலவு குறைவு, அச்சுக்கும் ஆயுள் கூடுதல். ஆனால் லேபிளைச் சேர்த்து அழுத்த முடியாது, பிறகு பசையால் ஒட்ட வேண்டும். அதனால் லேபிளின் ஓரம் எழும்பியிருந்தால் அது ஸ்டைரீன் என்று ஊகிக்கலாம். விரல் நகத்தால் தட்டினாலும் ஒலி வேறு: வினைல் மந்தமாக ஒலிக்கும், ஸ்டைரீன் கணீரென்று ஒலிக்கும். ஒரு பாட்டு அந்நாளில் ஸ்டைரீனில் மட்டுமே வந்திருக்க, உங்கள் கையில் இருப்பது வளையும் வினைல் என்றால் சந்தேகப்படுங்கள்.

ஸ்டைரீனின் குறை தேய்மானம். ஊசி தட்டை அழுத்தும் எடை மூன்று கிராம்தான், ஆனால் அது பள்ளத்தின் சுவரைத் தொடும் இடம் சில மைக்ரான் அகலமே. அவ்வளவு சிறிய இடத்தில் அந்த எடை விழும்போது, சதுர சென்டிமீட்டருக்கு டன் கணக்கில் அழுத்தம் வருகிறது. வினைல் கொஞ்சம் நெகிழ்ந்து மீள்கிறது. ஸ்டைரீன் கெட்டியானது, நெகிழாமல் பொடிந்து போகிறது. டிஜேக்கள் பாட்டின் தொடக்கத்தைப் பிடிக்கத் தட்டை முன்னும் பின்னும் திருப்புவார்களே, அந்த முதல் சில சுற்றுகளில் ‘உஸ்’ என்ற இரைச்சல் நிரந்தரமாகத் தங்கிவிடும். இதில் கொடுமை என்னவென்றால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. தேய்வது பள்ளத்தின் உட்சுவர். நாம் பார்ப்பது பள்ளங்களுக்கு நடுவே பளபளக்கும் மேற்பரப்பு. ‘நியர் மின்ட்’, அதாவது ஏறக்குறையப் புதியது, என்று கண்ணால் மட்டும் பார்த்துத் தரம் போட்டு விற்கும் ஸ்டைரீன் தட்டை நான் நம்பமாட்டேன். ஓட்டிக் கேட்டுத் தரம் போட்டிருக்க வேண்டும். தேய்ந்த தட்டையும் ஓரளவு மீட்க ஒரு தந்திரம் உண்டு. வேறு அளவு முனையுள்ள ஊசியைப் போட்டால், அது சுவரில் சற்று மேலேயோ கீழேயோ, பழைய ஊசி தொடாத இடத்தில் உரசிப் போகும்.

இனி காதால் கள்ளத்தட்டைப் பிடிக்கும் முறை. மூல நாடா கையில் இல்லாதவர், ஓர் அசல் தட்டை ஓட்டிப் பதிவு செய்துதான் புதிய லாக்கர் வெட்ட முடியும். நிமிடத்துக்கு 45 சுற்று என்றால், ஏழு அங்குலத் தட்டின் வெளி ஓரத்தில் பள்ளம் ஊசியடியில் வினாடிக்குச் சுமார் 40 சென்டிமீட்டர் நகர்கிறது. பாட்டு முடியும் உட்பகுதியில் 25 சென்டிமீட்டர்தான். பத்தாயிரம் ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு முழு அலை அங்கே 25 மைக்ரானுக்குள் சுருங்கிவிடும். சாதாரண உருண்டை ஊசி முனையின் ஆரமே 18 மைக்ரான். அந்த நெளிவுக்குள் அது முழுதாக இறங்காது. சிம்பல் என்ற உலோகத் தாளங்களின் மினுமினுப்பு அங்கே கொஞ்சம் கரைகிறது. அந்த ஒலியை மறுபடி வெட்டி, மறுபடி ஓட்டினால் இழப்பு இரட்டிப்பு. இதைவிடத் தெளிவான அடையாளம் கீறல். அசலில் இருந்த கீறலின் ‘டக்’ ஒலியும் சேர்ந்தே பதிவாகிவிடும். கீறல் ஒரு சுற்றுக்கு ஒருமுறை ஒலிக்கும், அதாவது 1.33 வினாடிக்கு ஒருமுறை. கண்ணாடிபோல் கிடக்கும் தட்டில் அந்தக் கணக்குப்படி டக் டக்கென்று கேட்டால், அந்தக் கீறல் வேறொரு தட்டுக்குச் சொந்தமானது.

லேபிளையும் உருப்பெருக்கியால் பார்ப்பார்கள். சிறு கம்பெனிகள் பல, ஈய எழுத்து கோக்கும் அச்சகங்களில் லேபிள் அடித்தன. எழுத்து காகிதத்தில் லேசாக அமுங்கியிருக்கும். கள்ளத்தட்டுக்காரர் லேபிளைப் புகைப்படம் எடுத்து ஆஃப்செட்டில் அடித்திருந்தால் எழுத்தின் விளிம்பு கலங்கியும், வண்ணம் புள்ளிப் புள்ளியாகவும் தெரியும்.

இதற்கிடையில் ஒரு நடுத்தர இனமும் உண்டு. அபூர்வத் தட்டு கிடைக்காத இங்கிலாந்து டிஜேக்கள், நண்பரின் அசலிலிருந்து எமிடிஸ்க் எனப்படும் ஒற்றை லாக்கர் நகல் வெட்டிக்கொண்டார்கள். சில பத்து முறை ஓட்டினாலே தேய்ந்துவிடும் சரக்கு. நாளாக நாளாக அதன் மேல் வெள்ளைப் பொடி பூக்கும், பூஞ்சை என்று பலர் எண்ணித் துடைத்துக் கெடுத்துவிடுவார்கள். அது பூஞ்சை அல்ல. லாக்கரை இளக்கமாக வைக்க விளக்கெண்ணெய் சேர்ப்பார்கள். அது சிதைந்து கொழுப்பு அமிலங்களாக மேலே கசிகிறது. இசைக்கு உதவாத நிலையிலும் இவற்றுக்கு இன்று தனி மதிப்பு இருக்கிறது. எந்தப் பாட்டு எந்தக் கூடத்தில் ஓடியது என்பதற்கு இவையே தடயம்.

வில்சனின் பாட்டு 1979-ல் பிரிட்டனில் முறையாக மறுபதிப்பு கண்டது. அதன் பிறகும் அசலின் விலை ஏறியதே தவிர இறங்கவில்லை. அரிய பொருள் என்ற மோகம் ஒரு பகுதிதான். ஆட்டக்கூடங்கள் பல, முதல் பதிப்புத் தட்டை மட்டுமே சுழற்ற வேண்டும் என்று டிஜேக்களுக்கு விதி வைத்திருக்கின்றன. மறுபதிப்போ கணினிக் கோப்போ கூடாது. அந்தக் கூச்சலில், பெரிய ஒலிபெருக்கியில், ஆடுகிறவர் காதுக்கு வித்தியாசம் தெரியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்த விதி இருக்கும்வரை, மேடையேற விரும்பும் ஒவ்வொரு டிஜேவும் ஏலத்தில் கை தூக்கியே ஆக வேண்டியிருக்கிறது.