விரல் வழியாகப் போகும் சேதி

சின்ன வயதில் தட்டாமாலை சுற்றியவர்களுக்கு லிண்டி ஹாப் என்ற ஜோடி நடனம் பாதி புரிந்த மாதிரிதான். இருவர் கை கோத்து, உடம்பைப் பின்னால் சாய்த்துச் சுற்றுகிறோம். என் எடையை நீங்கள் தாங்குகிறீர்கள், உங்கள் எடையை நான். கை நழுவினால் இருவருமே விழுவோம். ஸ்விங் என்ற ஜாஸ் இசைக்கு ஆடும் நடனங்களில் மூத்ததான லிண்டி ஹாப்பின் உயிர், ‘ஸ்விங் அவுட்’ என்ற அசைவு. அது இந்த இழுவிசையை நம்பித்தான் இருக்கிறது.

ஜோடியில் ஒருவர் ஆட்டத்தை நடத்துவார், மற்றவர் பின்தொடர்வார். மொத்தம் எட்டு எண்ணிக்கை. முதல் நான்கில் பின்தொடர்பவர் நெருங்கி வர, ஜோடி சேர்ந்து சுழல்கிறது. அப்புறம் முதுகைப் பிடித்திருந்த கை விலகுகிறது. சுழற்சியில் சேர்ந்த வேகம் அவரை வெளியே அனுப்புகிறது. ஆனால் ஒரு கை இன்னும் கோத்திருக்கிறது. அது நீண்டு லேசாக இழுபடும் கணத்தில், அடுத்த திருப்பம் எந்தப் பக்கம் என்ற சேதி விரல் வழியாகப் போய்விடும். முன்பின் தெரியாத இருவர் ஒத்திகையே இல்லாமல் ஆட முடிவது இதனால்தான்.

தாளமும் துணைக்கு வருகிறது. ஸ்விங் இசையில் ஓர் அடியைச் சரிபாதியாகப் பிரிப்பதில்லை. ‘தகிட’ என்று சொல்லி, நடுவிலுள்ள ‘கி’யை விழுங்கிப் பாருங்கள். முதல் பங்கு நீளம், அடுத்தது குட்டை. ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று. பாட்டு வேகமெடுத்தால் இந்த வித்தியாசம் குறையும். இந்த நொண்டல் நடைதான் முழங்காலில் துள்ளலாக இறங்குகிறது.

இதை உருவாக்கியவர்கள் நியூயார்க் ஹார்லெமின் கறுப்பின மக்கள். இதைச் சொல்லாமல் ஸ்விங் பற்றிப் பேசுவது நியாயமே இல்லை. 1926-இல் லெனக்ஸ் அவென்யூவில் சவாய் பால்ரூம் என்ற நடனக்கூடம் திறந்தது. அங்கே இரண்டு மேடைகள். ஓர் இசைக்குழு ஓய்ந்தால் அடுத்தது தொடங்கிவிடும். மேப்பிள் மரத்தளம் மிதித்தால் சற்றே நெகிழும். குதிப்பவரின் மூட்டு தப்பித்தது. நிறம் பார்த்துப் பிரித்துவைத்த நாட்டில், கறுப்பர்களும் வெள்ளையர்களும் அந்தத் தளத்தில் சேர்ந்து ஆடினார்கள்.

அங்கே ஜார்ஜ் ஸ்னோடன் என்றொரு நட்சத்திரம், நல்ல குள்ளம். உடன் ஆடிய ‘பிக் பீ’ (Big Bea) என்ற பெண் நெடுநெடுவென்று உயரம். ஆட்டம் முடிந்ததும் பிக் பீ அவரை முதுகில் சுமந்துகொண்டு வெளியேறுவார், கூட்டம் ஆர்ப்பரிக்கும். இளைஞர் ஃபிராங்கி மேனிங்குக்கு ஒரு யோசனை: சுமந்து போவதற்குப் பதிலாக, ஜோடியை முதுகின் மேல் உருட்டி முன்னால் இறக்கினால்? 1935-இல் ஒரு போட்டியில் ஃப்ரீடா வாஷிங்டனோடு செய்து காட்டினார். ஃப்ரீடா தாளம் தப்பாமல் காலூன்றினார். லிண்டி ஹாப் அந்தரத்துக்குப் போனது அப்படித்தான்.

சவாய் 1958-இல் மூடியது. மேனிங் பல ஆண்டுகள் தபால் துறையில் வேலை பார்த்தார். 1980-களில் இளைஞர்கள் தேடி வந்து கேட்க, மறுபடியும் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். 2009-இல் மறைந்தார்.

இன்றைய ஸ்விங் கூடங்களில் பாட்டு முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கேட்கப் போகிறார்கள். யார் நடத்துவது, யார் தொடர்வது என்பதிலும் ஆண், பெண் கணக்கு தளர்ந்துவிட்டது. புதிதாக வந்தவர் பயத்தில் கையை இறுக்கிப் பிடித்தால், பழகியவர் முதலில் சொல்வது விரலைத் தளர்த்தச் சொல்லித்தான். இறுகிய கையில் சேதி ஏறாது.