நான்காவது படியில் நின்றுபோகும் நைட்ரஜன்

கன உலோகம் கலந்த மண்ணில் நைட்ரேட் குறைந்துகொண்டே வந்தால், பாக்டீரியாக்கள் நலமாக இருக்கின்றன என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அந்த நைட்ரேட் என்னவாக மாறிப் போனது என்று பார்க்க வேண்டும்.

நீர் தேங்கி ஆக்சிஜன் தீர்ந்த மண்ணில் சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை வைத்துச் சுவாசிக்கின்றன. நைட்ரேட் நைட்ரைட்டாகி, நைட்ரிக் ஆக்சைடாகி, நைட்ரஸ் ஆக்சைடாகி, கடைசியில் நைட்ரஜன் வாயுவாகிறது. இதுவே நைட்ரேட் வெளியேற்றம். நான்கு படிகள், படிக்கொரு நொதி. ஒவ்வொரு நொதிக்குள்ளும் உலோகம் இருக்கிறது: முதலாவதில் மாலிப்டினம், இரண்டாவதில் தாமிரம் அல்லது இரும்பு, மூன்றாவதில் இரும்பு, நான்காவதில் 12 தாமிர அணுக்கள்.

காட்மியமோ துத்தநாகமோ அளவு மீறிய தாமிரமோ மண்ணில் சேர்ந்தால், பெரும்பாலும் முதலில் தடுமாறுவது நான்காவது படி. நைட்ரைட்டும் நைட்ரிக் ஆக்சைடும் செல்லுக்கே நஞ்சு. அவற்றை மாற்றியே தீர வேண்டும். நைட்ரஸ் ஆக்சைடு அப்படியல்ல, வெளியே விட்டுவிட்டால் செல் பிழைத்துக்கொள்ளும். பல பாக்டீரியாக்களிடம் நான்காவது நொதிக்கான மரபணுவே கிடையாது. ஆனால் வெளியேறும் அந்த வாயு, 100 ஆண்டுக் கணக்கில், எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைப் போல 273 மடங்கு புவியைச் சூடாக்கும்.

இதை ஆய்வகத்தில் பிடிக்க இரண்டு கண்ணாடிக் குப்பிகள் போதும். ஒவ்வொன்றிலும் 25 கிராம் ஈரமண், 25 மி.லி. கரைசல், கரைசலில் பொட்டாசியம் நைட்ரேட்டும் குளுக்கோஸும். ரப்பர் மூடியிட்டு, உள்ளே இருக்கும் காற்றை நைட்ரஜனால் வெளியேற்ற வேண்டும். ஒரு குப்பியில் மட்டும், கரைசலுக்கு மேலுள்ள வாயு வெளியில் 10 சதவீதம் அசிட்டிலீன். அது நான்காவது நொதியை அடைத்துவிடும். எல்லாம் நைட்ரஸ் ஆக்சைடாகவே தங்கும். குப்பிகளைக் குலுக்கியபடி, ஒரு மணி நேரத்துக்குள் சில முறை வாயுவை எடுத்து அளக்க வேண்டும். நல்ல மண்ணில் அசிட்டிலீன் இல்லாத குப்பியில் நைட்ரஸ் ஆக்சைடு மிகக் குறைவாக இருக்கும். இரண்டும் ஏறக்குறைய சமமாக வந்தால், நான்காவது படி செத்துக் கிடக்கிறது.

தவறு நேரும் இடங்களும் உண்டு. சிலிண்டர் அசிட்டிலீனில் அசிட்டோன் கலந்திருக்கும். அதை நீக்காமல் விட்டால் பாக்டீரியாவுக்கு அது கூடுதல் தீனி. உலோகத்தின் விளைவைச் சோதிக்க, காட்மியத்தை நைட்ரேட் உப்பாக மண்ணில் சேர்த்தால் அளக்கவேண்டிய பொருளையே கூட்டிவிடுகிறோம். உலோக உப்புகள் மண்ணை அமிலமாக்கவும் செய்யும்; அமிலம் தனியாகவே நான்காவது படியைக் கெடுக்கும். அதனால் அமில அளவைச் சமன்செய்த ஒப்பீட்டு மண் இல்லாத முடிவை நான் நம்பமாட்டேன். நேற்றுச் சேர்த்த உலோகத்தைக் கொண்டு பல ஆண்டு பழைய மாசைக் கணிப்பதும் பிழை. நாளாக ஆக, தாங்கும் இனங்கள் பெருகிவிடும்.

உலோகத்தின் பற்றாக்குறையும் இதே தொல்லையைத் தரும். தாமிரம் போதாவிட்டால் நான்காவது நொதி உருவாகாது. முதல் படிக்கும் இப்படி நேரலாம். அமெரிக்காவின் டென்னசியில், ஓக் ரிட்ஜ் அணு வளாகத்தில், 1951 முதல் 1983 வரை யுரேனியமும் நைட்ரிக் அமிலமும் கலந்த கழிவை நான்கு குளங்களில் கொட்டினார்கள். குளங்களை மூடி மேலே வாகன நிறுத்துமிடம் அமைத்த பின்னும், அடியிலுள்ள நிலத்தடி நீரில் நைட்ரேட் ஏராளம். அந்த அமில நீரில் இரும்பு, அலுமினியக் கனிமங்கள் மாலிப்டினத்தைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. யுரேனியமும் பிற உலோகங்களும் நிறைந்த அந்த இடத்தில், முதல் நொதிக்கு வேண்டிய ஓர் உலோகம் மட்டும் போதிய அளவு கிடைப்பதில்லை.